விவரம் தெரிந்தால் வாக்காளர் மனம் மாறுமா? உங்கள் வார்டிலேயே அளந்து பார்க்கும் முறை

முதலில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். "சொத்து வரியை உயர்த்தலாமா?" என்பது போல, ஊருக்குத் தொட்டுணரக்கூடியதாக இருக்கட்டும். "வரியை உயர்த்தி வடிகால் கட்டலாமா?" என்று கேட்காதீர்கள். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வடிகால் வேண்டும், வரி வேண்டாம் என்பவர் எதைச் சொல்வார்? பதிலை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாக வாங்குங்கள். கூடவே ஐந்து விவரக் கேள்விகள்: இந்த வரிப் பணம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது, எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது போல. ஒவ்வொன்றிலும் "தெரியாது" என்ற பதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்துமதிப்பாகச் சொன்னதெல்லாம் அறிவுக் கணக்கில் ஏறிவிடும்.

ஆட்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுங்கள். ஒரு பாகத்தில் 1,000 பெயர்கள் இருந்தால், 1 முதல் 5 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணில் தொடங்கி ஐந்தாவது, ஐந்தாவது பெயராக 200 பேரைக் குறியுங்கள். மறுப்பவர், ஊரில் இல்லாதவர் போக 120 பேர் தேறினால் நல்லது. விருப்பமுள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால், ஏற்கெனவே கட்சிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள்தான் வந்து நிற்பார்கள். வீட்டில் கணவர் குறுக்கே பதில் சொன்னால், மனைவியைத் தனியே கேட்க இன்னொரு நேரம் போங்கள்.

எல்லோரிடமும் முதல் சுற்றுக் கேள்விகளை முடித்த பிறகுதான் சீட்டுப் போட்டு 60, 60 என்று பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு விவரம், மறு பாதிக்கு எதுவும் இல்லை. பலர் இந்த ஒப்பீட்டுக் குழுவை வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். முழு முயற்சியும் அங்கேதான் கெடுகிறது. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்லஸ் அருகே 523 வாக்காளர்களைக் கூட்டி நான்கு நாள் விவாதிக்க வைத்தபோது, கூட்டத்துக்கு அழைக்கப்படாத 844 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள்.

விவரத்தாள் இரண்டு பக்கம் போதும். ஆதரவு வாதத்துக்கும் எதிர்ப்பு வாதத்துக்கும் ஒரே அளவு வரிகள் கொடுங்கள். அச்சடிக்குமுன் இரு தரப்பிலும் ஒருவரிடம் காட்டுங்கள். இருவரும் ஒரே அளவு முணுமுணுத்தால் தாள் சரி. கட்சிப் பெயரோ தலைவர் படமோ வேண்டாம். அதைப் பார்த்த கணமே படிப்பதை நிறுத்திவிட்டு அணி சேர்ந்துவிடுவார்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு பேராக உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் பேசவிடுங்கள். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். அவரை முதலில் பேசவிடாமல் பார்த்துக்கொள்வது நடத்துபவரின் சாமர்த்தியம்.

ஒரு வாரம் கழித்து அதே கேள்விகள், அதே வரிசையில், யார் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு வராமல் போனவரையும் விடாதீர்கள். அவர் விவரக் குழுவின் கணக்கில்தான் வர வேண்டும்.

கணக்கு இப்படி: விவரக் குழுவின் சராசரி 4.2-லிருந்து 5.6 ஆகிறது, மற்றது 4.3-லிருந்து 4.8 என்றால், விவரத்தின் விளைவு 1.4 அல்ல, 0.9. மீதி 0.5 நாளிதழாலோ, முதல் சுற்றில் நீங்கள் கேட்டதே கிளறிவிட்டதாலோ வந்திருக்கும். சராசரி அசையாவிட்டாலும் ஏறியவர், இறங்கியவர் என்று தனித்தனியே எண்ணுங்கள். விவரக் குழுவின் 60 பேரில் 20 பேர் மேலேயும் 20 பேர் கீழேயும் போயிருந்தால் பாதிக்கு மேல் மனம் மாறியிருக்கிறது. ஆதரிப்போர் சதவீதத்தை வைத்து ஒப்பிடுவதானால், 60 பேர் கொண்ட குழுக்களில் சுமார் 18 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். விவரக் கேள்விகளில் மதிப்பெண் ஏறவே இல்லையா? அப்படியானால் விவரம் போய்ச் சேரவில்லை என்பதே முடிவு. மனம் மாறவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இதில் கிடைப்பது ஒரு பிரச்சினை பற்றிய கருத்துமாற்றம் மட்டும். வாக்கு வேறு சங்கதி. பெனின், பிரேசில், புர்கினா ஃபாசோ, மெக்சிகோ, உகாண்டா ஆகிய நாடுகளில் பதவியிலிருப்போரின் செயல்பாட்டு விவரத்தைத் தேர்தலுக்கு முன் மக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான தொகுப்பு முடிவில், வாக்கின் மீது அதன் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம்.

தேர்தல் அறிவித்த பிறகு இதைத் தொடங்காதீர்கள். ஒலிபெருக்கியும் துண்டறிக்கையும் இரண்டு குழுவுக்கும் வந்து சேரும். விவரம் கொடுக்காத குழு என்று ஒன்று அப்போது இருக்காது.