பெர்ஃபார்மன்ஸ் சிப்: வண்டியில் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

"சிப் போட்டால் பிக்கப் எகிறும்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த சிப்?" என்பதுதான். இந்த ஒரு சொல்லை நாலைந்து வெவ்வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். தன் வண்டிக்கு எது பொருந்தும் என்று தெரியாமலேயே பணம் கொடுப்பதுதான் முதல் தவறு.

1980களிலும் 90களின் முதல் பாதியிலும் வந்த பல கார்களில், இன்ஜின் கம்ப்யூட்டரை, அதாவது ஈசியூவைத் திறந்தால் உள்ளே உண்மையாகவே தனியாக ஒரு சிப் இருக்கும். இன்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில் ஓடும்போது எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும், பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்ற அட்டவணைகள் அதில் எழுதப்பட்டிருக்கும். இதைத்தான் மேப் என்கிறோம். அந்தச் சிப்பை எடுத்துவிட்டு வேறு மேப் எழுதிய சிப்பை வைப்பது பழைய முறை. பின்னால் வந்த வண்டிகளில் கழற்றி மாட்ட எதுவும் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, சோதனைக் கருவியை இணைப்பதற்காக இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட் வழியாக மேப்பையே மாற்றி எழுதிவிடுவார்கள். அது ரீமேப். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் செருகும் டியூனிங் பாக்ஸ் மூன்றாவது வகை.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று இருக்கிறது. ஓபிடி போர்ட்டில் செருகினால் போதும், பவரும் மைலேஜும் சேர்ந்தே கூடும் என்று விற்கப்படும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று எல்இடி, அவற்றை மினுக்க ஒரு சின்ன கண்ட்ரோலர், ஒரு பட்டன். அவ்வளவுதான். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனோடு பேசத் தேவையான டிரான்ஸீவர் என்ற பாகமே அந்த போர்டில் இல்லை. இன்ஜினோடு பேசவே வழியில்லாத ஒன்று இன்ஜினை எப்படி மாற்றும்? இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று, காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரில் மாட்டும் ரெசிஸ்டர். உள்ளே வருவது குளிர்ந்த காற்று என்று ஈசியூவை நம்பவைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்க வைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும். முழுதாக மிதிக்கும்போது மட்டும் தேவையில்லாத பெட்ரோல் எரியும்.

டீசல் வண்டிக்காரர்கள் டியூனிங் பாக்ஸை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு: எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். அதனாலேயே அது ஆபத்தில்லாதது என்று முடிவுகட்டுவது தவறு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் ரெயில் குழாயில் அழுத்தம் 1200 பார் இருக்கும்போது 1050தான் இருக்கிறது என்று பாக்ஸ் பொய் சொல்கிறது என்று வையுங்கள். ஈசியூ இன்னும் அழுத்தத்தைக் கூட்டும். உண்மையான அழுத்தம் அதற்குத் தெரியாது என்பதால், அளவு மீறும்போது தடுக்கும் அதன் காவலும் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும். பம்பும் இன்ஜெக்டரும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். நல்ல ரீமேப் கிடைக்கிற வண்டிக்கு நான் பாக்ஸைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அடுத்தது எதிர்பார்ப்பு. டர்போ உள்ள இன்ஜினில் ரீமேப் செய்தால் இருபது, முப்பது சதவீதம் கூடுவது சாதாரணம். டர்போ இல்லாத இன்ஜினில் பத்து சதவீதத்தைத் தொடுவதே பெரிய விஷயம். அந்தப் பவர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இந்த வித்தியாசம் புரியும். மட்டமான பெட்ரோல், கடும் வெயில், மலைப்பாதை, நேரத்துக்கு ஆயில் மாற்றாத ஓட்டுநர் என்று எல்லாவற்றையும் மனதில் வைத்து, வண்டியைச் செய்தவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். சிப் அந்த இடைவெளியை எடுத்துச் செலவு செய்கிறது. டர்போவில் காற்றழுத்தத்தைக் கூட்ட முடியும் என்பதால் செலவு செய்ய நிறைய இருக்கிறது. மற்றதில் பொறி விடும் நேரத்தையும் கலவையையும் கொஞ்சம் நகர்த்தலாம், அவ்வளவே.

அதனால்தான் நோயுள்ள இன்ஜினில் சிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த இடைவெளியை ஏற்கெனவே அந்த நோய் தின்றுகொண்டிருக்கும். "வண்டி இழுக்கவில்லை, அதனால் சிப் போடலாம் என்று இருக்கிறேன்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். இழுக்காததற்குக் காரணம் அடைத்த ஃபில்டராக இருக்கும், வெளிக்காற்று கசிந்து உள்ளே புகும் வேக்கம் லீக்காக இருக்கும், தேய்ந்த பிளக்காக இருக்கும். முதலில், ஈசியூவில் பதிவாகியிருக்கும் ஃபால்ட் கோடுகளை, அதாவது கோளாறுக் குறியீடுகளைப் படியுங்கள். சிலிண்டர்களில் கம்ப்ரஷன் (அழுத்தம்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். அப்புறம் கிளட்ச்: உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் முழுதாக மிதிக்கும்போது இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது என்று பொருள். அதன்மேல் இன்னும் இழுவையை ஏற்றினால் சில நாளில் கருகிய வாசனைதான் மிஞ்சும்.

பெட்ரோல் இன்ஜின்களில் இன்ஜினையே கொல்லும் தவறு ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் பெட்ரோலின் திறன்) விஷயத்தில்தான் நடக்கிறது. 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை ஏற்றிவிட்டு 91 அடிப்பது. அந்த மேப்பில் பொறி சீக்கிரமே விழும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அந்த அழுத்தத்தையும் சூட்டையும் தாங்காது. பொறியிலிருந்து பரவும் தீ எட்டுவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் கேட்கும். வேகத்தில் போகும்போது அதுகூடக் கேட்காது. நாக் சென்சார் பொறியைத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும். உங்களுக்கு எப்போதும் கிடைக்கிற பெட்ரோல் எதுவோ, அதற்கு எழுதிய மேப்பையே கேளுங்கள்.

ஒரே மாடல், ஒரே வருடம் என்பதை மட்டும் பார்த்துச் சிப் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் மேப் வேறு. வருடத்தின் நடுவிலேயே ஈசியூவை மாற்றிய கம்பெனிகள் உண்டு. ஈசியூ பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை, கடைசி எழுத்து வரை, சிப் விற்பவரிடம் சொல்லுங்கள். இன்ஜெக்டரோ டர்போவோ மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இனி கையால் செய்யும் வேலை. பழைய வகைச் சிப்பை மாற்றும்போது எத்தனை பேர் சாவி ஆனில் இருக்கும்போதே கை வைக்கிறார்கள் தெரியுமா? சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே ஈசியூவைத் தொட வேண்டும். அடுத்தது நம் உடம்பில் சேரும் ஸ்டாடிக் மின்சாரம். விரலில் சுருக்கென்று நாம் உணர்வதற்கே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சிப் கெட்டுப்போகச் சில நூறு வோல்ட் போதும். நமக்குத் தெரியாமலேயே கொன்றுவிடுவோம். எர்த் செய்யும் மணிக்கட்டுப் பட்டை மலிவான பொருள்தான். அதில்லாமல் சிப்பைத் தொடாதீர்கள்.

சிப்பின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். பழையதைக் கழற்றும் முன் அந்த வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திருப்பி மாட்டி மின்சாரம் கொடுத்தால் புதுச் சிப் போய்விடும். அழுத்தும்போது இரண்டு முனையிலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பழைய காரில் சிப் மாட்டினேன். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும், சூடேறியதும் மிஸ் அடித்து நிற்கும். இரண்டு நாள் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சிப்பை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால், 28 பின்னில் ஒன்று சாக்கெட்டுக்குள் இறங்காமல் அடிவயிற்றுப் பக்கம் மடிந்து கிடந்தது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து, மாட்டியதும் டார்ச் அடித்து இரண்டு வரிசைப் பின்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மூடியைப் போடுவதில்லை.

சிப்பின் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். புற ஊதா ஒளிபட்டு அழியும் வகை அது. நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மேப் அழிந்துவிடும், டியூப்லைட் வெளிச்சத்தில் சில வருடங்களில்.

ஃபோர்டின் ஈஇசி-4 போன்ற ஈசியூக்களில் உள்ளே எதையும் கழற்ற வேண்டாம். பின்பக்கம் போர்டின் ஓரத்தில் இருக்கும் பட்டைகளில் சிப்பைச் செருகினால் போதும். அந்தப் பட்டைகளின் மேல் ஈரம் புகாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் செருகினால், குலுங்கும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகும். இரண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை ஆல்கஹால் வைத்துப் பொறுமையாகத் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் போட்டால் பட்டையே உரிந்துவிடும். சிப் போர்டிலேயே சோல்டர் செய்யப்பட்டிருந்தால், சோல்டரிங்கில் நல்ல பழக்கம் உள்ளவரிடம் கொடுத்துச் சாக்கெட் போட்டுக்கொள்வதுதான் சரி.

ரீமேப்பில் ஆபத்து வேறு மாதிரி. மேப் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் எழுத்து பாதியில் நின்று ஈசியூ செத்துப்போகலாம். அதனால் பேட்டரியோடு ஒரு நிலையான பவர் சப்ளையை இணைத்துவிட்டு, லைட், ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்த பிறகே தொடங்க வேண்டும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, ஸ்லீப் மோடுக்குப் போகாதபடி செய்துவிடுங்கள். கேபிள் போகும் வழியில் யாரும் உட்காரக்கூடாது. இதையெல்லாம் விட முக்கியமானது, வண்டியில் இருக்கும் அசல் மேப்பைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுப் பிறகு எழுதுவது. வேலை செய்பவர் "அது தேவையில்லை" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் நேராக ரோட்டில் போய் முழுதாக மிதிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. வேண்டாம். ஈசியூ புது மேப்போடு பழகச் சற்று நேரமாகும். முதலில் ஐடிலில் சூடேறட்டும், பிறகு மெதுவாக ஓட்டுங்கள். முழு சுமையில் கலவை சரியாக இருக்கிறதா என்பதை புகைக்குழாயில் வைத்துக் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துத்தான் சொல்ல முடியும். முடிந்தால், பவரை அளக்கும் டைனோ மெஷினில் சிப்புக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். "பவர் கூடின மாதிரி இருக்கு" என்ற உணர்வை நம்ப முடியாது. ஆக்சிலரேட்டர் மிதியின் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டாலே அந்த உணர்வு வந்துவிடும்.

வாரண்டி, இன்சூரன்ஸ் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல புது ஈசியூக்களில் மேப் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பதிவாகும், பழைய மேப்பைத் திரும்பப் போட்டாலும் அது மறைவதில்லை. புகையை வடிகட்டும் பாகங்களை அணைத்துவிடும் மேப்களுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நாம்தான்.

இன்னொன்று, சர்வீஸுக்கு விடும்போது ரீமேப் செய்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். அங்கே புது சாஃப்ட்வேர் ஏற்றினால் உங்கள் மேப் அழிந்துபோகும். பழைய அசல் சிப் கையில் இருந்தால், அதை ஸ்டாடிக் தடுக்கும் கருப்பு ஃபோமில் குத்தி, வண்டி எண்ணையும் ஈசியூ எண்ணையும் எழுதி, வண்டி ஆவணங்களோடு வையுங்கள்.