நம்ம எம்எல்ஏ யாரு, சட்டசபையில யாருக்கு இன்னா வேலை, மனுவை எங்க குடுக்கணும்: வேலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு

எங்க பெரியப்பா காட்பாடி காந்தி நகர்ல இருக்காரு. அவங்க பஸ் ஸ்டாப்புல ஒரு நிழற்குடை கிடையாது, சித்திரை வெயில்ல ஸ்கூல் பசங்க, வயசானவங்க எல்லாம் தலையில துண்டு போட்டுக்கினு ரோட்டுலயே நிப்பாங்க. அவரே வீடு வீடா போய் 40 பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, டைப் அடிச்சு, வேலூர் டவுன்ல ஒரு எம்எல்ஏ ஆபீசுக்கு எடுத்துக்கினு போய் ரெண்டு மணி நேரம் உக்காந்து குடுத்துட்டு வந்தாரு. ஒன்றரை மாசம் கழிச்சு போய் கேட்டா "இது எங்க தொகுதியே இல்லயே"ன்னுட்டாங்க. அவர் மேல தப்பு சொல்ல முடியாது, அவர் இருக்கறது வேலூர் மாநகராட்சி, மாவட்டம் வேலூர், தபால் வர்ற அட்ரஸ்லயும் வேலூர்னுதான் இருக்குது, ஆனா சட்டசபைக்கு அவர் ஓட்டு காட்பாடி தொகுதி, எம்பிக்கு ஓட்டு போடறது அரக்கோணம். இந்த குழப்பம் நம்ம பக்கத்துல நிறைய பேருக்கு இருக்குது, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல்ல உங்க தொகுதி எதுன்னு கண்டுபிடிங்க. அட்ரஸ வெச்சு முடிவு பண்ணாதீங்க, வாக்காளர் பட்டியல பாருங்க. தேர்தல் கமிஷன் சைட்ல உங்க வோட்டர் ஐடி நம்பர் போட்டா வந்துடும், நெட் பழக்கம் இல்லாதவங்க 1950க்கு போன் பண்ணலாம். பட்டியல்ல உங்க பாகத்தோட, அதாவது உங்க வாக்குச்சாவடிக்குன்னு தனியா இருக்கற லிஸ்ட்டோட, முதல் பக்கத்த நிதானமா படிங்க. மேல சட்டமன்றத் தொகுதி எண், பேரு இருக்கும், காட்பாடின்னா 40. அந்த தொகுதி எந்த நாடாளுமன்றத் தொகுதியில வருதுன்னும் அதே பக்கத்துல போட்டிருப்பாங்க. பாகம் எண்ணும் அங்கயே இருக்கும், அதையும் ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்குங்க, மனு எழுதறப்போ உதவும்.

பழைய வேலூர் மாவட்டத்த 2019ல மூணா பிரிச்சாங்க, ஆனா தொகுதி எல்லாம் 2008ல மறுவரையறை பண்ணப்போ போட்ட கோடு அப்படியே இருக்குது, அதனாலதான் மாவட்டம் ஒண்ணு தொகுதி ஒண்ணுன்னு இழுக்குது. 38ல இருந்து 50 வரைக்கும் வரிசையா 13 தொகுதி நம்மளது. வேலூர் மாவட்டத்துக்கு காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம்னு அஞ்சு. ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு. திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, திருப்பத்தூர். எம்பி கணக்கு வேற மாதிரி போகுது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்க திருப்பத்தூர் மாவட்டத்துல இருந்தாலும் வேலூர் எம்பிக்குத்தான் ஓட்டு போடறாங்க, ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலை எம்பி தொகுதியில இருக்குது. ரயில்வே கேட், சப்வேல தண்ணி நிக்கறது, தபால் ஆபீஸ், நேஷனல் ஹைவே மாதிரி சென்ட்ரல் விஷயத்துக்கு எம்பிகிட்ட போகணும், அதனால இதையும் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளின்னு முன்னாடி தொகுதி இருந்துச்சு, 2008க்கு அப்பால அந்த பேர்ல தொகுதியே கிடையாது, ஆனா இன்னும் சில பெரியவங்க "பேரணாம்பட்டு எம்எல்ஏ யாருப்பா"ன்னு கேக்கறாங்க, அவங்களுக்கு குடியாத்தம்தான்னு பொறுமையா சொல்லுங்க.

தொகுதி தெரிஞ்சிடுச்சுன்னா அடுத்தது ஆளு. சட்டசபை சைட்ல உறுப்பினர் பட்டியல் இருக்குது, பேரு, கட்சி, போன் நம்பர் எல்லாம் போட்டிருப்பாங்க. நான் கீழ சொல்ற பேரெல்லாம் 2021 தேர்தல்ல வந்த 16வது சட்டசபைய வெச்சு சொல்றது, தேர்தலுக்கு தேர்தல் பேரு மாறும், அதனால வீட்ல ஒட்டி வெச்ச பழைய காலண்டர்ல இருக்கற பேர நம்பி போகாம பட்டியல ஒரு வாட்டி பாத்துட்டு போங்க.

பேர மட்டும் பாத்தா பத்தாது, அவர் சட்டசபையில எந்த இடத்துல உக்காந்திருக்காருன்னும் பாக்கணும். மொத்தம் 234 பேரு, எல்லாருமே நம்ம ஓட்டுல ஜெயிச்சு வர்றவங்க, முன்னாடி ஆங்கிலோ இந்தியர் ஒருத்தர நியமிப்பாங்க, 2020ல அது நின்னு போச்சு. மேலவைய 1986லயே எடுத்துட்டாங்க, அதனால நம்ம ஸ்டேட்ல எம்எல்சின்னு யாரும் கிடையாது, யாராவது அப்படி சொல்லிக்கினு வந்தா நம்பாதீங்க. 118 பேர் ஆதரவு இருந்தா ஆட்சி. மந்திரிங்க முதலமைச்சரையும் சேத்து 35 பேருக்கு மேல இருக்கக் கூடாது, 2003ல வந்த சட்டத் திருத்தத்துல மொத்தத்துல 15 சதவீதம்னு வெச்சுட்டாங்க.

இதுல நமக்கு முக்கியமானது ஒண்ணு இருக்குது. உங்க எம்எல்ஏ மந்திரியா இருந்தா அவர் சபையில கேள்வி கேக்க மாட்டாரு, பதில்தான் சொல்வாரு. 2021 சபையில காட்பாடி துரைமுருகன் நீர்வளத் துறை மந்திரி, ராணிப்பேட்டை காந்தி கைத்தறித் துறை மந்திரி. அந்த மாதிரி தொகுதியில இருக்கறவங்க "சட்டசபையில கேளுங்க"ன்னு மனு எழுதறதுல பலன் இல்ல, "இத செஞ்சு குடுங்க"ன்னு நேரா எழுதணும், அவர் துறை விஷயமா இருந்தா துறை மந்திரின்னு போட்டே எழுதலாம். மத்த எம்எல்ஏன்னா, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, கேள்வி நேரத்துல கேக்கலாம், கவன ஈர்ப்பு, அதாவது அவசர விஷயத்த மந்திரி கவனத்துக்கு கொண்டு வர்ற தீர்மானம், கொண்டு வரலாம், மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கக் கேக்கறது, அது மேல பேசறப்போ தொகுதி விஷயத்த சொல்லலாம். அதனால மனுவ பட்ஜெட் கூட்டத்தொடருக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடியே குடுத்துடுங்க, கூட்டம் நடக்கறப்போ அவங்க சென்னையில இருப்பாங்க, இங்க ஆபீஸ்ல பிஏவ மட்டும்தான் பாக்க முடியும்.

சபாநாயகர் யாருன்னா பேரவைத் தலைவர்னு பேப்பர்ல போடறாங்களே அவர்தான். அவரும் ஒரு தொகுதி எம்எல்ஏதான், 2021ல ராதாபுரம் அப்பாவு வந்தாரு, துணை சபாநாயகரா வந்த கு.பிச்சாண்டி கீழ்பென்னாத்தூர், நம்ம பழைய வடாற்காட்டு மண்ணு, 1989ல வடாற்காட்ட ரெண்டா பிரிச்சப்போ திருவண்ணாமலை பக்கம் போன ஊரு. சபாநாயகர் சபைய நடத்தறவரு, ஓட்டு சமமா வந்தா மட்டும்தான் அவர் ஓட்டு போடுவாரு. அவை முன்னவர்னா ஆளுங்கட்சி சார்பா சபை வேலைய பாத்துக்கறவரு, 2021ல அது துரைமுருகன். கொறடான்னா கட்சி எம்எல்ஏங்க எப்படி ஓட்டு போடணும்னு உத்தரவு போடறவரு. எதிர்க்கட்சித் தலைவர் பதவி எண்ணிக்கைய பொறுத்தது, 2011ல தேமுதிக 29, திமுக 23ன்னு வந்தப்போ விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரா உக்காந்தாரு. இவங்க யாருக்கும் நிழற்குடை மனு அனுப்ப வேண்டியதில்ல, நம்ம எம்எல்ஏ இவங்கள தாண்டித்தான் பேசணும்னு புரிஞ்சா போதும்.

கட்சி விஷயத்துல ஒரு சின்ன குழப்பம் வரும். 2021ல கே.வி.குப்பத்துல ஜெயிச்ச ஜெகன்மூர்த்தி புரட்சி பாரதம் கட்சி, ஆனா நின்னது ரெட்டை இலையில, அதனால சட்டசபை கணக்குல அதிமுக ஜெயிச்ச 66ல ஒருத்தரா வந்தாரு. பட்டியல்ல கட்சி பேரு வேற மாதிரி இருக்குதேன்னு நீங்க குழம்ப வேணாம், எந்த சின்னத்துல ஜெயிச்சாங்களோ அந்த கொறடாவுக்குத்தான் கட்டுப்படணும்.

இப்ப நான் ரொம்ப மனசு வெச்சு சொல்ற விஷயம், சீட்டு காலியா இருந்தா இன்னா பண்றது. இது நம்ம பக்கம் நிஜமா நடந்துச்சு. 2017 ஆகஸ்ட்ல முதலமைச்சர் மேல நம்பிக்கை இல்லைன்னு கவர்னர்கிட்ட லெட்டர் குடுத்தாங்கன்னு சொல்லி செப்டம்பர்ல அப்போ சபாநாயகரா இருந்த தனபால் 18 எம்எல்ஏங்கள தகுதி நீக்கம் பண்ணாரு, அதுல குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர்னு மூணு தொகுதி நம்மளது. கேஸ் ஐகோர்ட்டுல ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா சொல்லி, மூணாவது ஜட்ஜ்கிட்ட போய், 2018 அக்டோபர்ல தகுதி நீக்கம் செல்லும்னு தீர்ப்பு வந்து, இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல்ல. ஒன்றரை வருஷத்துக்கு மேல அந்த மூணு ஊருக்கும் சட்டசபையில ஆளே இல்ல. குடியாத்தத்துக்கு அப்பாலயும் விடல, இடைத்தேர்தல்ல ஜெயிச்ச காத்தவராயன் 2020 பிப்ரவரியில இறந்துட்டாரு, 2021 தேர்தல் வரைக்கும் மறுபடி காலி. குடியாத்தத்துல எங்க அத்தை வீட்டு பக்கம் ரேஷன் கடை கூரை ஒழுகுது, அரிசி மூட்டைக்கு மேல தார்ப்பாய் போட்டு வெச்சிருப்பாங்க, மழை வந்தா கடைக்காரரு மூட்டைய ஒவ்வொண்ணா இந்த சுவத்துல இருந்து அந்த சுவத்துக்கு இழுத்து போடுவாரு. "எம்எல்ஏ வரட்டும்"னு எல்லாரும் காத்துக்கினே இருந்தாங்க. அப்படி காத்திருக்க தேவையே இல்ல. சீட்டு காலியா இருந்தா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற குறைதீர்வு கூட்டத்துல மனு குடுங்க, வேலூர்க்காரங்களுக்கு சத்துவாச்சாரி, அங்க பதிவு பண்ணி நம்பர் போட்ட சீட்டு தருவாங்க. அதோட காப்பிய எம்பிக்கு ஒண்ணு அனுப்புங்க.

அடுத்து எது எம்எல்ஏ வேலை எது இல்லன்னு பிரிச்சுக்குங்க. தெரு லைட், சாக்கடை, குப்பைன்னா கவுன்சிலர், மாநகராட்சி மண்டல ஆபீஸ், கிராமத்துல பஞ்சாயத்து தலைவர், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்). பட்டா, முதியோர் பென்ஷன்னா தாலுகா ஆபீஸ். எம்எல்ஏகிட்ட கேக்க வேண்டியது நாலு பேருக்கு பொதுவா நிக்கற கட்டடம், ரோடு மாதிரி: நிழற்குடை, அங்கன்வாடி, ரேஷன் கடை கட்டடம், ஸ்கூல் கிளாஸ் ரூம். தொகுதி மேம்பாட்டு நிதின்னு ஒரு எம்எல்ஏவுக்கு வருஷத்துக்கு 3 கோடி இருக்குது, அவர் வேலைய சொல்வாரு, கலெக்டர் அனுமதி குடுப்பாரு, பணம் அவர் கைக்கு வராது. தேர்தல் தேதி அறிவிச்சு நடத்தை விதி வந்துட்டா புது வேலை எதுவும் ஆரம்பிக்க முடியாது, அதையும் கணக்கு பண்ணிக்குங்க.

மனு எழுதறது எப்படின்னா, ஒரு மனுவுல ஒரு விஷயம் மட்டும். நிழற்குடையும் கேட்டு குடிதண்ணியும் கேட்டு ஸ்பீட் பிரேக்கரும் கேட்டா மூணு துறைக்கு பிரிக்கணும், பிரிக்காம ஒரு ஃபைல்லயே கிடக்கும். மேல தேதி, தொகுதி பேரு, வார்டு நம்பர், பாகம் எண். இடத்த தெளிவா சொல்லுங்க, எந்த ரோடு, எந்த கடைக்கு எதிர்ல, அந்த இடம் மாநகராட்சியோடதா நெடுஞ்சாலைத் துறையோடதா. இந்த கடைசி விஷயத்த எழுதாம விட்டா திரும்பி வர்றதுக்கு அதுவே காரணமாயிடும், ஏன்னா நெடுஞ்சாலை இடத்துல கட்டணும்னா அந்த துறை ஆட்சேபணை இல்லன்னு சொல்லணும். போட்டோ ரெண்டு வைங்க, காலையில கூட்டம் நிக்கறப்போ எடுத்தது. கையெழுத்து போடறவங்க பேரு, கதவு எண் எழுதட்டும், வெறும் கையெழுத்து மட்டும் இருந்தா மதிப்பு கம்மி. ரெண்டு காப்பி எடுத்துக்கினு போய் ஒண்ணுல "பெறப்பட்டது"ன்னு சீல், தேதி வாங்குங்க, சீல் இல்லன்னா கையெழுத்தாவது. கேக்க கூச்சப்படாதீங்க, அது நம்ம உரிமை.

இன்னொரு வழி நிறைய பேருக்கு தெரியாது. சட்டசபைக்குன்னு மனுக்கள் குழு ஒண்ணு இருக்குது, எம்எல்ஏங்களே உறுப்பினர், மாவட்டம் மாவட்டமா வந்து ஆய்வு பண்ணுவாங்க, வர்றதுக்கு முன்னாடி மனு அனுப்புங்கன்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேப்பர்ல செய்தி போடுவாங்க. தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை 600009ன்னு தமிழ்லயே எழுதி அனுப்பலாம். எத்தன காப்பி வேணும்னு அந்த செய்தியிலயே இருக்கும். பொதுப் பிரச்சினையா இருக்கணும், கோர்ட்டுல இருக்கற விஷயம், தனிப்பட்ட வேலை, லோன் இதெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா தீராத விஷயத்துக்கு இது நல்ல வழி. ஏன்னா குழு அதிகாரிங்கள நேர்ல கூப்பிட்டு ஏன் செய்யலன்னு கேக்கும், அதுல ஆளுங்கட்சியும் இருப்பாங்க எதிர்க்கட்சியும் இருப்பாங்க. இதே மாதிரி அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு, சபையில மந்திரி "செய்யறோம்"னு சொன்னத செஞ்சாங்களான்னு பாக்கறது. உங்க ஊரு விஷயத்துக்கு சபையில உறுதி குடுத்திருந்தா அந்த தேதிய கண்டுபிடிச்சு மனுவுல எழுதுங்க.

மனு குடுத்து ரெண்டு மாசம் ஆகியும் ஒண்ணும் நடக்கலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு எழுதி, இந்த வருஷம் நம்ம தொகுதி மேம்பாட்டு நிதியில எந்தெந்த வேலை எடுத்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு, எது முடிஞ்சதுன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். அந்த லிஸ்ட்ட கையில வெச்சுக்கினு அடுத்த வாட்டி போனா பேச்சே வேற மாதிரி இருக்கும், "நிதி இல்ல"ன்னு சும்மா சொல்லி அனுப்ப முடியாது.

பெரியப்பா ரெண்டாவது வாட்டி காட்பாடி எம்எல்ஏ ஆபீசுக்கு போனாரு, இந்த தடவ பாகம் எண், வார்டு எண் எல்லாம் போட்டு, காலையில எட்டரை மணிக்கு பசங்க வெயில்ல நிக்கற போட்டோவோட. சீல் போட்டு வாங்கிக்கினாங்க. போன மாசம் மாநகராட்சியில இருந்து ரெண்டு பேர் வந்து டேப்பு போட்டு அளந்துட்டு போனாங்க, பெரியப்பா பக்கத்துலயே நின்னு மழைத்தண்ணி எந்த பக்கம் ஓடும்னு காட்டினாராம்.