டைமிங் பெல்ட் மாட்டும்போது இரண்டு கேமையும் குறியில் நிறுத்துவது எப்படி?

புது டைமிங் பெல்ட் (எஞ்சினின் கிராங்க் தண்டையும் கேம் தண்டுகளையும் இணைக்கும் பல் பெல்ட்) மாட்டி, எல்லாக் கவரையும் மூடி, கூலன்ட் ஊற்றி, சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. பிரித்துப் பார்த்தால் ஒரு கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஒரே ஒரு பல் தள்ளி நின்றிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

என் வண்டி முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர். அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் எம்எக்ஸ்-5 என்பார்கள். இரண்டு கேம்ஷாஃப்ட், அவற்றைச் சுழற்ற ஒரே பெல்ட். அமெரிக்க மேனுவல்படி 60,000 மைலுக்கு (சுமார் 96,000 கி.மீ.) ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். கற்றுக்கொள்ள ஏற்ற எஞ்சின் இது. பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாது. இன்றைக்கு ஓடும் பல எஞ்சின்களில் அந்தச் சலுகை கிடையாது, வால்வ் வளைந்துவிடும்.

முதலில் கழற்றும் வேலை. எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். கூலன்ட்டை வடியுங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட், வாட்டர் பம்ப் புல்லி, வால்வ் கவர், டைமிங் கவர் எல்லாம் வெளியே வரட்டும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கம்ப்ரஷன் இருக்காது, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) கைக்கு லேசாகச் சுற்றும்.

இனிதான் விஷயம். பழைய பெல்ட் இருக்கும்போதே, முன்னால் நின்று பார்த்தபடி கிராங்க்கைக் கடிகாரத் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் வேண்டாம். கிராங்க்கின் பல்சக்கரக் குறி, எஞ்சினில் உள்ள குறிக்கு நேராக வரும்போது நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். ஒவ்வொரு கேம் புல்லியிலும் ஆங்கில ‘ஐ’, ‘இ’ இரண்டு எழுத்துமே இருக்கும். குழம்ப வேண்டாம். காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கத்துக்கு ‘ஐ’, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு ‘இ’, அவ்வளவுதான். இரண்டும் உச்சியில், பின்தகட்டில் உள்ள குறிக்கு எதிரே நிற்க வேண்டும். எழுத்துகள் கீழே தொங்கினால் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும், அதனால் கிராங்க் குறியை மட்டும் நம்பக் கூடாது.

இப்போது ‘ஐ’ குறிக்கும் ‘இ’ குறிக்கும் நடுவே பெல்ட்டின் பற்களை எண்ணுங்கள். 19 இருக்க வேண்டும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளைதான் டென்ஷனர். அதன் போல்ட்டைத் தளர்த்தி, டென்ஷனரை வெளிப்பக்கம் தள்ளி, அப்படியே இறுக்கிவிட்டுப் பழைய பெல்ட்டை உருவுங்கள். வால்வ் ஸ்பிரிங் தள்ளுவதால் கேம் சட்டென்று துள்ளலாம். பயப்பட வேண்டாம், ஸ்பானர் போட்டு மெல்ல இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

புது பெல்ட்டைக் கிராங்க்கில் தொடங்குங்கள். அங்கிருந்து வலப்பக்க ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) வழியாக வலது கேம், பிறகு இடது கேம், கடைசியாக டென்ஷனர். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம்தான் இருக்க வேண்டும். வலப்பக்கத்திலோ இரண்டு கேமுக்கு நடுவிலோ துளியும் கூடாது. நான் கோட்டை விட்டது இங்கேதான். வலப்பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டிருந்தேன். மாட்டியபோது குறிகள் அழகாக நேராக நின்றன. ஆனால் சுற்ற ஆரம்பித்ததும் கிராங்க் அந்தத் தொய்வை இழுத்துக்கொண்டு முன்னே போய்விட்டது, கேம் பின்தங்கிவிட்டது.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. வலது கேமை அரைப் பல் அளவு கடிகாரத் திசையில் திருப்பிப் பிடித்தபடி பெல்ட்டைப் பல்லில் உட்கார வைத்து, பிறகு கேமைக் குறிக்குத் திரும்ப விடுங்கள். வலப்பக்கம் விறைப்பாகிவிடும். ஆபீசில் தடிமனான காகிதக் கட்டுக்குப் போடும் பெரிய கறுப்பு கிளிப்பை எடுத்து பெல்ட்டைப் புல்லியோடு சேர்த்துக் கவ்வ வையுங்கள்; இன்னொரு கை கிடைத்த மாதிரி. கிராங்க்கைச் சுற்றும் முன் கிளிப்பை எடுக்க மறக்காதீர்கள்.

அப்புறம் டென்ஷன். கிராங்க்கை ஒரு சுற்றும் அடுத்த சுற்றில் ஆறில் ஐந்து பங்கும் சுற்றினால் டென்ஷனுக்கென்றே உள்ள குறி வரும். அங்கே டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் தானாக இழுத்துக்கொள்ளும், கம்பி போட்டு நெம்ப வேண்டாம். போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இன்னும் இரண்டு சுற்றும் ஆறில் ஒரு பங்கும் சுற்றினால் மொத்தம் நான்கு சுற்று முடிந்து கிராங்க் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மூன்று குறியையும் மறுபடி பாருங்கள். பெல்ட்டில் நீங்களே பெயின்ட் அடையாளம் போட்டிருந்தால் அது வேறெங்கோ போயிருக்கும். பெல்ட் சுற்றியிருக்கிறது, அதனால் அது தப்பில்லை. புல்லியின் குறிகள்தான் கணக்கு. பற்களையும் எண்ணுங்கள். 18 அல்லது 20 வந்தால் டென்ஷனரைத் தளர்த்தி முதலிலிருந்து. 19 வந்தால் சரி, கவரை மூடுங்கள்.