பழைய கதிரைக்குப் பெயின்ட் அடிக்குமுன்: திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பழைய மரச்சாமானை வாங்கிப் பெயின்ட் அடித்தால் அடுத்த மாரிக்குள் அது கொப்புளம் போட்டு உரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். "பெயின்ட் சரியில்லை", "கடற்காற்றுக்கு எதுவும் நிற்காது" என்று பேணியையும் கடலையும் குற்றம் சொல்லிவிட்டுச் சாமானைப் பின்வளவில் போட்டுவிடுகிறார்கள். உரிந்து விழும் பெயின்ட் துண்டொன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்பு, பழைய மெழுகு, கைப்பிசுக்கு, காயாத ஈரம், இவற்றில் ஒன்று அங்கே இருக்கும். பெரும்பாலான தவறுகள் பேணியைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, எதைப் பூசுவது என்று யோசிக்காமல் பூசுவது. இடமாற்றம் கிடைத்துப் போகும் குடும்பங்கள், சீசன் முடிந்ததும் அறைகளைத் திருத்தும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள், நகரத்துப் பழைய சாமான் கடைகள் என்று பல வழிகளில் கதிரையும் அலுமாரியும் கைமாறுகின்றன. பல கைபட்டு அழுக்கேறிய மேற்பரப்புக்குக் கீழே என்ன மரம் இருக்கிறது என்று ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். பொன்மஞ்சளாகப் பளபளக்கும் முதிரையோ கரிய கருங்காலியோ என்றால் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய பொலிஷை எடுத்துவிட்டுப் புதுப் பொலிஷ் போட்டாலே போதும். அந்த மரங்களின் ஓட்டத்தை எந்த நிறத்தாலும் ஈடுசெய்ய முடியாது. ஒருமுறை பெயின்ட் ஏறிவிட்டால் மரக்கண்களுக்குள் இருந்து அதை முழுதாக எடுப்பதும் பெரும்பாடு. பெயின்ட் அடிக்கப் பொருத்தமானவை ஒட்டுப்போட்ட, பல மரம் கலந்த, கறை ஊறிய, பார்வைக்கு ஒன்றும் இல்லாத சாமான்களே.

வாங்கவே கூடாதவையும் உண்டு. பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில்) செய்த அலுமாரியின் கால்ப்பக்கம் தண்ணீர் குடித்து வீங்கியிருந்தால் அது திரும்பச் சப்பையாகாது. அதை விட்டுவிடுங்கள். மரத்தில் சிறு துளைகள் தெரிந்தால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமானைத் தட்டி, பழைய பொடியைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புக் கடதாசி விரித்துச் சில நாள் வையுங்கள். புதுப்பொடி விழுந்தால் பூச்சி உள்ளே வேலை செய்கிறது. அதன்மேல் பெயின்ட் அடிப்பது பூச்சிக்குக் கூரை போட்டுக் கொடுப்பது போலத்தான். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலோ கடையில் விற்கும் மரப்பூச்சி மருந்தோ, வெறும் மரத்தில்தான் ஊறும். பூச்சு இருந்தால் மேலோடு வழிந்து போய்விடும். ஆகவே சுரண்டிய பிறகு, நிறம் ஏற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது கழுவுதல். இந்த ஊருக்கே உரிய தவறு இதுதான் என்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுச் சாமான்களிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஒன்று இருக்கும். விறாந்தையில் கிடந்த கதிரையை நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஈர விரலால் தடவினாலே பிசுபிசுப்புத் தெரியும். சாப்பாட்டு உப்பும் கடல் உப்பும் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். திருகோணமலையில் மாரிகாலத்து இரவுகளில் அந்த அளவு சாதாரணம். உப்புக்கு மேல் பெயின்ட் பூசினால் அந்த உப்பு பெயின்டுக்குக் கீழே இருந்துகொண்டே ஈரத்தை இழுக்கும். கொப்புளம் வருவது அப்படித்தான். இரும்புக்கட்டில் என்றால் அதே ஈரம் துருவையும் வளர்த்து, பூச்சை உள்ளிருந்து தள்ளிவிடும்.

கழுவினால் போய்விடுமே என்பீர்கள். எந்தத் தண்ணீரால் கழுவுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். வெயில் காலம் முற்ற முற்ற உவர் கூடும். அந்தத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் இருந்த உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்து வைத்த மாதிரி. குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், பிறகு சுத்தமான தண்ணீரால் இரண்டு தரம் துடையுங்கள். மரச்சாமானை வாளியால் ஊற்றிக் குளிப்பாட்டக் கூடாது. பொருத்துகளில் பசை விட்டுப்போகும், ஒட்டுப்பலகை பிரியும். 2004 டிசம்பரில் கடல் வந்த வீடுகளில் தப்பிய சாமான்களிலும் வெள்ளத்தில் நின்ற சாமான்களிலும் உப்பும் சேறும் பொருத்துகளுக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். அவற்றை ஒரு ஓடாவியிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தப்படுத்தாமல் பூச்சுக்குப் போகாதீர்கள்.

உப்புக்கு அடுத்த எதிரி மெழுகும் பொலிஷும். பழைய மேசைகளை ஆண்டாண்டுகாலமாக ஏதாவது ஒரு பொலிஷ் போட்டுத் துடைத்திருப்பார்கள். சிலிகோன் கலந்த பொலிஷ் என்றால் அதன்மேல் போடும் பெயின்ட் ஒட்டாமல் சிறுசிறு வட்டங்களாக விலகி நிற்கும். சவர்க்காரம் இதை எடுக்காது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது.

மேலிருக்கும் பூச்சு என்னவென்று தெரியாமல் அதன்மேல் வேறொன்றை ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. சோதிப்பது சுலபம். மறைவான ஓரிடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பூச்சு இளகிப் பிசின் போலானால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் பேசாமல் இருந்தால் வார்னிஷோ பொலியூரிதேனோ ஆக இருக்கலாம். பெயின்ட் அடித்த சாமானில் ஸ்பிரிட் துணியில் நிறம் ஒட்டி வந்தால் அது தண்ணீர்ப் பெயின்ட், வராவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் எனமல். எனமலின் பளபளப்பை மழுக்காமல் அதன்மேல் தண்ணீர்ப் பெயின்ட் போட்டால், நகத்தால் சுரண்டினாலே தோல் உரிவது மாதிரி வந்துவிடும்.

இனிச் சொல்வதைக் குழந்தைகள் இருக்கும் வீடுகள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்டின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது வைத்த வரம்பு எனமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டுக்கு 90 பங்கு. பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்தது 1957 இல். அந்தக் காலத்துச் சாமான் என்று சொல்லிக் கைமாறும் பெட்டகத்திலோ மேசையிலோ பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உலர்ந்த நிலையில் சாண்ட் பேப்பரால் தேய்ப்பதும், அடுப்பாலோ சூட்டுத் துப்பாக்கியாலோ எரித்து எடுப்பதும் ஆபத்து. தூசியும் புகையும் மூச்சோடு போகும், தரையில் படிந்து தவழும் பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். வெளியே, விரிப்பின்மேல் வைத்துச் செய்து, கழிவை விரிப்போடு சுருட்டிக் கட்டுங்கள். கூட்டித் தள்ளாதீர்கள். சாதாரண துணி முகக்கவசம் இதற்குக் காணாது. தொட்டிலோ பிள்ளைக்கட்டிலோ என்றால் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பழைய பெயின்ட் உள்ளதை வாங்கவே வேண்டாம்.

தேய்ப்பதில் இருபக்கமும் தவறு நடக்கும். சிலர் தேய்ப்பதே இல்லை. சிலர் 60 ஆம் இலக்கக் கரடுமுரடான சாண்ட் பேப்பரைப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, எத்தனை பூச்சுப் போட்டாலும் மறையாத கீறல்களைப் பதித்துவிடுகிறார்கள். வெறும் மரத்துக்கு 120 இல் தொடங்கி 180, 220 என்று போகலாம், எப்போதும் மர ஓட்டத்தோடு. பூச்சுகளுக்கிடையே 320 போதும். மெலமைன், ஃபோர்மிக்கா மேற்பரப்புக்குத் தேய்ப்பு மட்டும் உதவாது. வழுக்கும் பரப்பில் பிடிக்கக்கூடிய பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு, தேவை.

பிரைமரை மிச்சம் பிடிக்கும் பழக்கம் தேக்கில்தான் வெளிப்படும். தேக்கு, மஹோகனி இரண்டிலும் டனின் என்ற சத்து உண்டு. வெள்ளைத் தண்ணீர்ப் பெயின்ட் அடித்த மறுநாள் மஞ்சளும் தேயிலை நிறமுமாகக் கறை கிளம்பும். பதறி இன்னொரு பூச்சுப் போட்டால் அந்தப் பூச்சின் தண்ணீரும் டனினைக் கரைத்து மேலே கொண்டுவரும். மூன்றாவதிலும் அதே கதை. அரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு பூச்சுப் போட்டால் கறை அங்கேயே நிற்கும். தேக்கில் எண்ணெயும் உண்டு. பிரைமருக்குச் சற்று முன் தின்னர்த் துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே பூசுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் எண்ணெய் திரும்பவும் மேலே வரும்.

காலநிலைக்கு வருவோம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கூடுதலான மழை நவம்பர், டிசம்பரில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைப் புதிதாக்க நாங்கள் பெயின்ட் பேணியைத் தூக்குவது சரியாக இந்தக் காலத்தில்தான். காற்றின் ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேல் இருக்கும்போது பூசுவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். பூசும் பரப்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 பாகை செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஈரக்காற்றில் லாக்கர் போட்டால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியது போல் வெளுக்கும். எனமல் காய்வதற்கு நாட்கணக்காகும், அதற்குள் ஈசலும் தூசியும் ஒட்டிவிடும். தைப்பொங்கலுக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே முடித்துவையுங்கள்.

அதற்காகக் கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுக்கப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மே முதல் ஓகஸ்ட் வரை அந்தக் காற்று சூடும் தூசியுமாக வரும். முற்றத்து வெயிலில் வைத்துப் பூசினால் தூரிகைக் கோடு சமனாகுமுன் மேல்தோல் காய்ந்துவிடும். உள்ளே அடைபட்ட கரைப்பான் குமிழியாகக் கிளம்பும். காற்றை மறைத்த நிழல், காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி மாலைக் கடற்காற்று எழுமுன் முடிக்கும் வேலை, அதுதான் தோது.

லாச்சிகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும், லாச்சி இறுகும். அப்போது சீவினால் கச்சான் காலத்தில் அது கடகடவென்று ஆடும். இறுகியதைச் சீவாமல், ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துப் பாருங்கள். லாச்சியின் பக்கங்களுக்கும் ஓடுபாதைக்கும் பெயின்ட் அடிக்கவே கூடாது. முகப்புக்கு மட்டும் போதும். மேசைப்பலகைக்கு இது மாறும்: மேற்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டால் ஈரம் ஒருபக்கமாக ஏறிப் பலகை வளையும். அடியிலும் ஒரு பூச்சாவது போடுங்கள்.

அலுமாரியின் உட்பக்கத்துக்கு எண்ணெய் எனமல் வேண்டாம். கதவு மூடிய இருட்டில் வெள்ளை எனமல் மஞ்சளாகும், மணம் சேலைகளில் ஏறும். தண்ணீர்ப் பெயின்ட் அங்கே நல்லது.

உலோகத்தில் சுருக்கமாக: துருவைச் சுரண்டி, கழுவி, காய்ந்த அன்றே துருத்தடுப்புப் பிரைமர். கல்வனைஸ் தகரத்துக்கு நேரடியாக எண்ணெய் எனமல் அடித்தால் தகரத்தின் மேலுள்ள நாகத்தோடு (சிங்க்) வினைப்பட்டு உரியும். பிணைச்சல், பூட்டு, கைபிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பூசுங்கள். பித்தளையை ஒருபோதும் மூடாதீர்கள், புளி போட்டுத் துலக்கினால் போதும். மண்சாடிக்கு வெளியே மட்டும் பூசித் தண்ணீரோ ஈரமண்ணோ நிரப்பினால் உள்ளிருந்து ஈரம் கசிந்து நிறம் பொரிந்து விழும். பிரம்பு பின்னிய கதிரைக்குத் தடித்த பெயின்ட் போட்டால் ஆள் உட்கார்ந்த உடனே வெடிக்கும்.

பூச்சைத் தடிப்பாக ஒரே தரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு வழிசலும் சுருக்கமும்தான் கிடைக்கும். மெல்லிய இரண்டு, மூன்று பூச்சுகளே உறுதி. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு அல்ல. எனமல் முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் புத்தகங்களை அடுக்கினால் அட்டை பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், சூடான தேநீர்க் கோப்பை வட்டம் பதிக்கும். வெள்ளை நிறத்தின் மேல் பாதுகாப்புப் பூச்சு வேண்டுமானால் தண்ணீர் வகைப் பொலியூரிதேனை எடுங்கள். எண்ணெய் வகை மஞ்சள் தட்டும்.

வேலை முடிந்ததும் துணிகளைப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் தோய்ந்த துணிகள் காயும்போது தாமே சூடேறும். பந்தாகச் சுருட்டிச் சாக்குக்குள்ளோ குசினி மூலையிலோ போட்டால் தீப்பெட்டி இல்லாமலே பற்றக்கூடும். எங்கள் ஊர் வெக்கைக்கு அது இன்னும் சுலபம். வெளியே வேலியில் ஒவ்வொன்றாக விரித்து விறைக்கும்வரை காயவிட்டுப் பிறகு எறியுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய பேணிக்குள் அமிழ்த்தி மூடிவையுங்கள்.