ஏ.எம்.சி சேல்ஸ் வேலை: கல்லூரி முடித்து வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

"வீடு வீடாகப் போய் எஸ்.ஐ.பி (மாதாமாதம் ஒரு தொகை போடும் முதலீடு) பிடிக்கிற வேலைதானே?" மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில் சேல்ஸ் வேலைக்கு வரும் பி.காம், எம்.பி.ஏ பட்டதாரிகள் பலர் இந்த எண்ணத்தோடுதான் நேர்முகத்தில் உட்காருகிறார்கள். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஏ.எம்.சி என்பது ஃபண்டை நடத்தும் நிறுவனம். அதன் சேல்ஸ் ஆள் முதலீட்டாளரை நேரில் பார்ப்பது குறைவு. பெரும்பாலும் அவர் பார்ப்பது, முதலீட்டாளரிடம் ஃபண்டை எடுத்துச் செல்லும் டிஸ்ட்ரிபியூட்டரையும் வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜரையும்தான் (ஆர்.எம்). முந்நூறு குடும்பங்களின் பணத்தைப் பல வருடமாகப் பார்த்துவரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் மேசைக்கு எல்லா ஏ.எம்.சி ஆட்களும் வந்துபோகிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் அவர்தான்.

இது தெரியாததால் பயோடேட்டாவே தடம் மாறிவிடுகிறது. டெக்னிகல் அனாலிசிஸ் கோர்ஸ், ஆப்ஷன் டிரேடிங் அனுபவம் என்று நிரப்பினால், படிப்பவர் "இவர் பங்கு வாங்கி விற்கும் டீலிங் ரூமுக்குப் போக வேண்டியவர்" என்று ஒதுக்கிவிடுவார். கல்லூரி விழாவுக்கு எத்தனை கடை ஏறி ஸ்பான்சர் கேட்டீர்கள், எத்தனை பேர் பணம் தந்தார்கள், அடுத்த வருடமும் தந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்கள் அதைவிடப் பேசும்.

சான்றிதழ் விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. "வேலை கிடைத்ததும் எழுதிக்கொள்ளலாம்" என்று என்.ஐ.எஸ்.எம் வி-ஏ (மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்கான சான்றிதழ்) தேர்வைத் தள்ளிப்போடுவது ஒன்று. மியூச்சுவல் ஃபண்ட் விற்பனையில் இருப்பவருக்கு அது கட்டாயம். 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறான பதிலுக்குக் கழிவு இல்லை, சான்றிதழ் 3 வருடம் செல்லும். ஒழுங்காகப் படித்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வி-ஏ இல்லாமலேயே சி.எஃப்.ஏ (முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வு) முதல் நிலைக்குப் பணம் கட்டிவிட்டு வருவது இன்னொன்று. ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போக நினைப்பவருக்கு அது சரி. சேல்ஸ் மேலாளருக்கோ, இவர் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவார் என்ற சந்தேகம்தான் வரும்.

பழைய நோட்ஸை வைத்துப் படிப்பதும் ஆபத்து. பங்கு சார்ந்த ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 10% வரி என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 23 முதல் அது 12.5%, நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20%. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டின் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) லாபம் அவரவர் வருமான வரி விகிதத்தில் போகும்.

"எங்கள் ஃபண்டை எனக்கு விற்றுக் காட்டுங்கள்"

இந்தக் கேள்வி எப்படியும் வரும். "சார், போன வருடம் நல்ல ரிட்டர்ன்" என்று ஆரம்பித்தால் பாதி மதிப்பெண் போய்விடும். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிவரை எடுக்கும் எண், தேதியை மாற்றினால் தானும் மாறும். ஃபேக்ட் ஷீட்டை (ஃபண்டின் விவரத் தாள்) வரி விடாமல் படித்துவிட்டுப் போங்கள்: பெஞ்ச்மார்க் (ஒப்பிடும் குறியீடு) எது, முதல் 10 பங்குகளில் எவ்வளவு சதவீதம், ஃபண்ட் மேனேஜர் எப்போதிலிருந்து பார்க்கிறார், எக்ஸிட் லோட் (சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம்) எவ்வளவு. அதோடு மூன்று அல்லது ஐந்து வருட ரோலிங் ரிட்டர்ன் (தொடக்கத் தேதியை மாற்றி மாற்றி எடுக்கும் ரிட்டர்ன்), பெரிய சரிவில் எவ்வளவு இறங்கியது, யாருக்கு இந்த ஃபண்ட் பொருந்தாது. கடைசியாகச் சொன்னதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசும்போது ரெகுலர் பிளான் (டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வாங்குவது) எண்களையே சொல்லுங்கள். 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் தனியாக இருக்கிறது. அதில் கமிஷன் இல்லாததால் ரிட்டர்ன் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணைக் காட்டினால் அவர் முகம் சுருங்கும்.

இடையில் கேள்வி கேட்பவர் முதலீட்டாளராக மாறி, "12% உறுதியாக வருமா தம்பி?" என்பார். "வரும் சார்" என்று சொன்னால் அன்றைய நேர்முகம் அத்தோடு முடிந்தது. ரிட்டர்னுக்கு உத்தரவாதம் தருவதை செபி (பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதிப்பதில்லை. நீங்களே ஒரு சார்ட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இதே வகைதான். விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவு ஒப்புதல் தராத எதுவும் வெளியே போகக் கூடாது.

இன்னொரு பொறி, "போட்டி நிறுவனத்தின் ஃபண்டிலிருந்து நம் ஃபண்டுக்கு மாற்றச் சொல்வேன்" என்ற பதில். கேட்கச் சுறுசுறுப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் கவிழ்ந்துவிடும். ஒருவர் 10 லட்சம் போட்டு எட்டு மாதத்தில் 11 லட்சம் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். எக்ஸிட் லோட் 1% என்றால் 11,000 ரூபாய். மீதி லாபம் 89,000-க்கு 20% வரி 17,800. செஸ்ஸைச் சேர்க்காமலே 28,800 ரூபாய் முதலீட்டாளர் கையிலிருந்து போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன கிடைக்கிறது? 2018 அக்டோபரில் செபி முன்கூட்டிய கமிஷனை நிறுத்திவிட்டது. இப்படி மாற்றுவதில் இருப்பது ட்ரெயில் (பணம் ஃபண்டில் இருக்கும்வரை வரும் கமிஷன்) மட்டும். அது பழைய ஃபண்டிலும் வந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் அவர் ஏன் மாற்றப் போகிறார்? புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கேளுங்கள், அது நடக்கும்.

ட்ரெயில் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஆண்டுக்கு 0.8% என்று வைத்தால், மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி முதல் வருடத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தருவது ஏறக்குறைய 260 ரூபாய். பெட்ரோலுக்கே பற்றாது. நாற்பது எஸ்.ஐ.பி படிவத்தைக் காட்டி உற்சாகப்படுத்தப் போகும்முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.

வேலையில் சேர்ந்ததும் நடக்கும் தவறு வேறு மாதிரி. பை நிறைய பிரசன்டேஷனோடு போவார்கள், டிஸ்ட்ரிபியூட்டரோ "நேற்று அனுப்பிய பணத்துக்கு ஏன் இன்றைய என்.ஏ.வி (ஒரு யூனிட்டின் அன்றைய விலை)?" என்று கேட்பார். பங்கு ஃபண்டுக்கு மதியம் 3 மணி, லிக்விட் ஃபண்டுக்கு 1.30 என்ற கெடுவுக்குள் விண்ணப்பம் கொடுத்தால் மட்டும் போதாது, பணமும் ஃபண்டின் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். கே.ஒய்.சி நிலுவை, மேண்டேட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) நிராகரிப்பு, அந்த ஃபண்டுக்கு ரிஜிஸ்ட்ரார் (முதலீட்டாளர் பதிவுகளைப் பார்க்கும் நிறுவனம்) கேம்ஸா கே.ஃபின்டெக்கா என்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டவருக்கு, இரண்டாவது சந்திப்பில் நாற்காலி கிடைக்கும்.

ஆஃபர் கையில் வந்த சந்தோஷத்தில் கேட்காமல் விடும் கேள்விகளும் உண்டு. இது ஆன் ரோலா, ஆஃப் ரோலா? ஆஃப் ரோல் என்றால் விசிட்டிங் கார்டில் ஏ.எம்.சி பெயர் இருந்தாலும் சம்பளம் போடுவது வேறொரு நிறுவனம். ஆன் ரோலுக்கு மாற என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். எந்த ஏரியா, எத்தனை டிஸ்ட்ரிபியூட்டர்கள், அவர்களில் போன ஆறு மாதத்தில் ஒரு விண்ணப்பமாவது தந்தவர்கள் எத்தனை பேர்? டார்கெட் கிராஸ் சேல்ஸா, நெட் சேல்ஸா? 2 கோடி கொண்டுவந்து, அதே மாதம் உங்கள் ஏரியாவில் 1.8 கோடி ரிடெம்ப்ஷனில் (முதலீட்டாளர்கள் திரும்ப எடுப்பது) போனால் நெட்டில் நிற்பது 20 லட்சம். அந்த 1.8 கோடி, உங்களுக்கு முன்னால் அந்த ஏரியாவைப் பார்த்தவர் கொண்டுவந்த பணமாகவும் இருக்கலாம்.