டிராக்டருக்குக் கழற்றி மாட்டும் கொட்டகை: எதை வாங்குவது, எப்படி ஊன்றுவது

செட்டிநாட்டுப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் பலருக்கு ஷெட் போட இடம் இருக்கும், உரிமை இருக்காது. வீட்டின் பின்கட்டு பங்காளிகளுக்குப் பொது, வயலோ குத்தகை. சுவர் எழுப்பினால் பேச்சு வரும். கழற்றி எடுத்துப் போகிற கொட்டகை என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம்தான் என்பதால் தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் ரொட்டவேட்டர், கல்டிவேட்டர் போன்ற உழவுக் கருவிகள் ஆடி, ஆவணி வரை சும்மா கிடக்கும். சித்திரை வெயிலில் டயர் வெடிப்பு விடும், ஐப்பசி மழையில் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும். ஆகவே ஏதோ ஒரு கூரை வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கூரையைக் காட்டித்தான் விலை பேசுகிறார்கள். கொட்டகை நிற்பதும் பறப்பதும் அதன் கால்களில் இருக்கிறது. கையில் இருக்கிற பணத்தில் முதல் பங்கை அங்கே போடுங்கள்.

1. அளவு எடுங்கள்

40 எச்.பி. சுற்றுவட்டத்து டிராக்டர் பெரும்பாலும் 11 முதல் 12 அடி நீளம், 6 அடி அகலம் இருக்கும். உயரத்தைக் கேட்டலாக்கில் பார்க்காமல் டேப் பிடித்து அளக்கவும். மேல்நோக்கிய சைலன்சரோ, ஓட்டுபவர் தலைக்கு மேல் பிறகு மாட்டிய ஹூடோ 8 அடியைத் தொட்டுவிடும். பின்னால் ரொட்டவேட்டர் மாட்டியபடியே நிறுத்துவதானால் நீளத்தில் இன்னும் 4 அடி. ஒரு டிராக்டருக்கும் மாட்டிய கருவிக்கும் 12 அடி அகலம், 20 அடி நீளம், ஓரத்தில் 8 அடி உயரம், நடுமுகட்டில் பத்தரை அடி போதும். டிப்பர் டிரெய்லருக்கும் இதிலேயே இடம் தேட வேண்டாம். அதன் தொட்டியைத் தூக்கி வைத்தாலே மழைநீர் வடிந்துவிடும்.

2. எந்த வகை?

தார்ப்பாயை நேராக வண்டி மேல் போர்த்துவதுதான் ஆகச் சல்லிசு, ஆனால் ஈரம் உள்ளேயே நின்று துரு ஏறும். திருவிழாவுக்குப் போடும் மடக்குக் கூடாரம் நிழலுக்கு மட்டும். ஆடிக் காற்றில் ஒருநாள் தாங்காது. சவுக்குக் கம்பும் கீற்றும் செலவு குறைவு என்றாலும் கம்பைக் கறையான் பார்த்துக்கொள்ளும், கீற்றை எலி பார்த்துக்கொள்ளும், அந்த எலியே வயரிங்கையும் பார்த்துக்கொள்ளும். பழைய 20 அடி கன்டெய்னர் திருட்டுக்கு நல்ல காவல். ஆனால் வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல், கிரேன் இல்லாமல் அசையாது. வாசல் உயரம் 2.28 மீட்டர், அதாவது ஏழரை அடிதான். சைலன்சர் முட்டும்.

மீதி இருப்பது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டமும் மேலே தார்ப்பாயும். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

3. இடமும் திசையும்

கண்மாய் நிரம்பி வழியும் கலுங்குத் தண்ணீர் போகும் தடம், பனை அல்லது தென்னை நிழல், மின்கம்பிக்குக் கீழே: இந்த மூன்று இடமும் வேண்டாம். மூன்றாவதில் சமரசமே கிடையாது. 20 அடிக் குழாயை நிமிர்த்தும்போது கம்பியில் பட்டால் உயிர் போகும்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குப் பக்கத்தை அடைத்து வாசலைக் கிழக்கே வையுங்கள். ஆனி, ஆடிக் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வருகிறது. வாசல் அந்தப் பக்கம் இருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். வடகிழக்குச் சாரல் வாசலில் அடிக்கும்தான். ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் ஒரு படுதா தொங்கவிட்டால் போதும். தரையை அரை அடி கிராவல் போட்டு உயர்த்திச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டவும்.

4. கால்கள்

மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அழுத்தம் கொடுக்கும். 100 கிலோமீட்டரில் அது 47 கிலோ. 12க்கு 20 அடிக் கூரை 22 சதுர மீட்டர். அந்த அழுத்தம் அப்படியே மேல்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொண்டால் 60இல் 380 கிலோ, 100இல் ஒரு டன். நாம் போடப்போகும் குழாய்ச் சட்டம் முழுவதுமே 365 கிலோவுக்குள்தான். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்கே கொட்டகை ஏன் எழும்பிப் போகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

முளைக்குச்சியை நம்ப முடியாது. செம்புறாங்கல் தரையில் கடப்பாரையே திணறும், முளை அரை அடிக்கு மேல் இறங்காது. களிமண்ணில் எளிதாக இறங்கும், மழையில் ஊறியதும் அதே எளிதாக வெளியே வரும்.

ஐந்தடிக்கு ஒரு சட்டம் வீதம் 5 சட்டம், 10 கால். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒன்றே முக்கால் அடி ஆழம் குழி. அடியில் 3 அங்குலம் ஜல்லி. அதன் மேல் ஒன்றே முக்கால் அடி நீள 2 அங்குலக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் வெளியே ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்காக வெல்டு வைக்க மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் கான்கிரீட்டிலிருந்து குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும். மேலே 3 அங்குலம் துருத்தி நிற்கும் இந்தக் குழாய்தான் கூடு. அதற்குள்தான் ஒன்றரை அங்குலக் கால் இறங்கும், 12 மி.மீ. போல்ட் ஒன்று இரண்டையும் சேர்த்துக் குறுக்கே போகும். அடியில் ஜல்லி இருப்பதால் மழைநீர் கூட்டுக்குள் தேங்காது.

ஒரு அடித்தளம் சுமார் 230 கிலோ, பத்தும் சேர்த்து 2.3 டன். சிமென்ட் 6 முதல் 7 மூட்டை ஆகும். ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே கால் ஊன்றினால் கூடு ஆட்டம் கொடுத்துவிடும். பிறகு இடம் மாறும்போது அடித்தளம் அங்கேயே கிடக்கும், புது இடத்தில் வேறு போட வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை.

5. சட்டம்

20 அடிக் குழாய்க் கணக்கில்:

- ஒன்றரை அங்குலம், 'பி' கிளாஸ்: 11 (ஒன்பதரை அடிக் கால்களுக்கு 5, கூரையின் இரு சரிவாக நிற்கும் ஆறரை அடிக் கைகளுக்கு 4, அவற்றை நடுவில் இணைக்கும் குறுக்குத் துண்டுகளுக்கு 2)
- ஒரு அங்குலம், 'பி' கிளாஸ்: 9 (சட்டங்களை நீளவாக்கில் இணைக்கும் ஓட்டக் குழாய்களுக்கு 5, மூலைவிட்டத்துக்கு 4)
- 2 அங்குலம்: 2 (அடித்தளக் கூடுகளுக்கும், கீழே சொல்லும் தொப்பிகளுக்கும்)

'பி' கிளாஸ் குழாயில் நீல நிறப் பட்டை இருக்கும், மஞ்சள் பட்டை மெல்லிய 'ஏ'. சந்தேகம் வந்தால் எடை போடச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குல 'பி' ஒரு முழுக்குழாய் 21 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும்.

இரண்டு கைகளையும் குறுக்குத் துண்டையும் பட்டறையிலேயே ஒரே முக்கோணமாக வெல்டு செய்து, இரு முனையிலும் அரை அடி 2 அங்குலக் குழாயைத் தொப்பியாக வைத்துவிட்டால் போதும். வயலில் அதைக் காலின் மேல் கவிழ்த்து ஒரு போல்ட் போடுவதுதான் வேலை. ஓட்டக் குழாய்களுக்கு யூ-போல்ட். வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே பிரைமர் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே துரு ஆரம்பிக்கும். மூலைவிட்டங்களைச் செலவு என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அவை இல்லாத சட்டம் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே பக்கமாகச் சாயும். இரு ஓரத்திலும் முதல் இரண்டு கால்களுக்கு நடுவிலும் கடைசி இரண்டு கால்களுக்கு நடுவிலும் பெருக்கல் குறி போல மாட்டவும்.

6. தார்ப்பாய்

18க்கு 24 அடி, 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), புற ஊதா தாங்கும் ரகம். கடையில் 250 என்று அச்சடித்த பாயே 180 இருக்கலாம், பார்வைக்குத் தெரியாது. தராசில் வையுங்கள். 18க்கு 24 என்பது 40 சதுர மீட்டர். 250 கிராம் வீதம் 10 கிலோ வர வேண்டும். ஏழரை கிலோதான் வந்தால் அந்தப் பாய் 190க்கும் கீழே. பேச்சு வளர்க்க வேண்டாம், அடுத்த கடை.

விரிக்கும் முன் குழாய் முனைகளிலும் போல்ட் தலைகளிலும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடவும். ஓட்டக் குழாய்களுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டாவிட்டால் பாய் தொப்பை போட்டுத் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் நாலு விரல்கடைத் தண்ணீர் நின்றாலே 70, 80 கிலோ. பாய் படபடக்காமல் இறுக்கமாக நிற்க வேண்டும். கிழிசல் எப்போதும் படபடக்கும் மூலையில்தான் தொடங்கும். கயிறு நெகிழ்ந்ததா என்று முதல் மாதம் வாரம் ஒருமுறை பாருங்கள்.

பயன்படுத்தும்போது

வேலை முடிந்து வந்த வண்டியின் சைலன்சருக்கும் பாய்க்கும் நடுவே 2 அடியாவது இடைவெளி வேண்டும். வைக்கோலையும் உர மூட்டையையும் இதற்குள் அடுக்காதீர்கள். ஒன்று தீப்பிடிக்கும், மற்றது இரும்பை அரிக்கும். ரொட்டவேட்டரை மண்ணில் வைக்காமல் கட்டை மேல் இறக்கி, டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட்டைக் கீழே விட்டு நிறுத்துங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் பாயை அவிழ்த்துவிடுவதுதான் சரி. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை கூரையைக் கொண்டுபோனது என்று அந்தப் பக்கத்தாரைக் கேட்டால் தெரியும். பாய் இல்லாத வெறும் சட்டத்தில் காற்றுக்குப் பிடிமானம் குறைவு. டிராக்டர் ஒருநாள் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். அவிழ்த்த பாயை ஈரத்தோடு மடித்து வைக்க வேண்டாம், வெயில் வந்ததும் விரித்துக் காய வைத்து மறுபடி கட்டுங்கள்.