எண்ணெய் குறைத்ததும் தோலாகிப் போன வாழைக்காய்

பொரிப்பதை விட்டுவிட்டு வாழைக்காயை ஓவனில் சுட ஆரம்பித்தேன். நான்கு நாளும் ஒரே கதை: ஓரம் கருகி, நடுவில் வறண்டு, மெல்லவே முடியவில்லை.

சூட்டைக் குறைத்தேன், இன்னும் வறண்டது. மெல்லிதாகச் சீவினேன், அட்டை. உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன்; துண்டுகள் கறுக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணெயைக் கூட்டினால் சரியாகிறது, ஆனால் அதற்குப் பொரித்தே தின்றிருக்கலாமே!

பிறகுதான் உறைத்தது. தண்ணீரைத் தவிர்த்தால், காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது மென்மையாக வேகத் தண்ணீரும் வேண்டும். ஓவனோ வேகும் முன்பே ஈரத்தை விரட்டிவிடுகிறது.

சரி என்று, முனைகளை நறுக்கி, தோலோடு பாதியாக வெட்டி, 12 நிமிடம் கொதிநீரில் வேகவைத்தேன். கத்தி இறங்க வேண்டும், நடுவில் மட்டும் லேசாகத் தடுக்க வேண்டும்; அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆறியதும் தோல் எளிதாகக் கழன்றது, கையில் பிசினும் ஒட்டவில்லை. தடிமனாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

அப்புறமும் ஒருமுறை சில துண்டுகள் மட்டும் கருகின. பார்த்தால், அந்தக் காய்க்குத் தோல் பச்சைதான், உள்ளே மட்டும் மஞ்சள் பாரித்திருந்தது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கியிருக்கிறது. சர்க்கரை சீக்கிரம் கருகும். இப்போது ஒன்றை வெட்டி நிறம் பார்த்துத்தான் தட்டில் பரப்புகிறேன். பழுத்தது என்றால் தோலில் நீளமாக ஒரு கீறல் போட்டு, முழுசாக, 180 டிகிரியில் தனியாகச் சுடுகிறேன். எண்ணெயே வேண்டாம்.